நெஞ்செரிச்சல்: அளந்தும் பேசப்படாத இடுப்புக் கணக்கு

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான செமக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் மாதத்தோடு முடிவதையும், அதையொட்டி உள்நாட்டு நிறுவனங்களின் மலிவு விலை ஊசிகள் சந்தைக்கு வருவதையும் பற்றிய செய்திகள், கோவையின் மதுக்கரை, எட்டிமடை, குனியமுத்தூர் வட்டாரத்து வாசகர் கடிதங்களில் ஒரே ஐயத்தைப் பல வடிவங்களில் கிளப்பியுள்ளன. எடை குறைந்தால் நெஞ்செரிச்சல் நீங்குமா, நீங்குமென்றால் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரையை விட்டுவிட்டு ஊசிக்கு மாறலாமா என்பதே அந்த ஐயம். முதற்பாதிக்குப் பெரும்பாலும் ‘ஆம்’ என்றும், பிற்பாதிக்கு ‘இல்லை’ என்றும் விடை சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்நோயில் பருமனின் பங்கு அமிலத்தின் அளவில் இல்லை, வயிற்றுக்குள் உள்ள அழுத்தத்தில் இருக்கிறது என்பதுதான்.

வாரத்துக்கு ஒருமுறையேனும் நெஞ்செரிச்சலோ, புளித்த நீர் தொண்டைக்கு ஏறி வரும் எதுக்களிப்போ இருந்தால் அதை அமில எதுக்களிப்பு நோய் என்று கணக்கெடுப்புகள் கொள்கின்றன. இவ்வாறு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 8.2 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது, நகரத்தில் 11.1, கிராமத்தில் 5.1 என்று இரு மடங்குக்கு மேல் இடைவெளி இருந்ததோடு, உடல்நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டியவர்களிடம் நோய் மிகுதியாகவும் காணப்பட்டது. எரிச்சலை உணர்ந்து சொன்னவர்களை மட்டுமே இத்தகைய கணக்கு எண்ணுகிறது. உணராதவர்கள் அதில் நலமானவர்களாகவே பதிவாகிறார்கள்.

உணராமலே அமிலம் ஏறும் விதம்தான் இவ்விஷயத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வயிற்றறைக்குள் அழுத்தம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவும், மூச்சை இழுக்கும்போது மார்பறைக்குள் குறைவாகவும் இருப்பதால், இரைப்பையில் உள்ளதை மேல்நோக்கித் தள்ளும் விசை ஒல்லியானவருக்கும் உண்டு. அதைத் தடுத்து நிறுத்துபவை இரண்டு: உணவுக்குழாயின் கீழ்முனையில் சுருக்குப்பையின் வாய்போல் இறுகியிருக்கும் தசைவளையம் ஒன்று, அதே உயரத்தில் அதை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் உதரவிதானம், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை, மற்றொன்று. குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர வயிற்றறையின் அழுத்தம் ஏறி, இரைப்பையின் மேல்முனை உதரவிதானத் துளை வழியாக மெல்ல மேலெழுகிறது. தசைவளையம் மேலேயும் திரை கீழேயுமாக விலகிப்போகும்போது, இணைந்து காத்த இரண்டும் தனித்தனியே பலவீனப்படுகின்றன. இந்த ஏற்றத்தையே மருத்துவர்கள் ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்கிறார்கள்.

கிளாஸ்கோவில் கென்னத் மெக்கால் குழுவினர் செய்து 2014-இல் ‘கட்’ இதழில் வெளியான சோதனை இதை மிகச் சாமர்த்தியமாகக் கண்முன் காட்டியது. நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்து, உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் சிறு காந்தமொன்றைப் பொருத்தி, அது எவ்வளவு நகர்கிறது என்பதை உள்ளே செலுத்திய கருவியால் பின்தொடர்ந்தார்கள். இடுப்பு பெருத்தவர்களிடமும், இடுப்பில் இறுக்கமான பெல்ட் கட்டப்பட்டவர்களிடமும் அந்தச் சேருமிடம் மேலேறியது. தசைவளையத்தின் கீழ்ப்பகுதி அழுத்தத்துக்கு இடம்கொடுத்துத் திறந்துகொள்ள, அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதியை மட்டும் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. உயரே ஏறாததால் எரிச்சல் தோன்றவில்லை. ஆனால் இடுப்பு பெருத்தவர்களிடம் அச்சேருமிடத்துச் சவ்வு நீண்டு மாறியிருப்பதை அதே குழு 2013-இல் கண்டிருந்தது. அமிலம் ஓயாமல் படும் சவ்வு மாறுவதே, மிகச் சிலரிடம், பல ஆண்டுகள் கழித்து உணவுக்குழாய்ப் புற்றுநோயாக முடியும் பாதையின் தொடக்கம்.

இதைக் கொங்கு வட்டாரத்தில் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. வேட்டிக்கு மேல் இறுக்கும் அகலப் பெல்ட்டும், பாவாடை நாடாவின் முடிச்சும், தொப்பையைக் கரைக்கும் என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பட்டையும் செய்யக்கூடியது அந்தச் சோதனைப் பெல்ட் செய்ததைத்தான் என்று கருத இடமுண்டு. கடைசியாகச் சொன்னது காசு கொடுத்து வாங்கும் எதுக்களிப்பு. சிமென்ட் ஆலையிலும் நூற்பாலையிலும் இரவு ஷிப்ட் முடித்து வந்து, வழியில் ரோட்டுக்கடைக் காளானையோ பரோட்டாவையோ சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவரிடம், நிறைந்த இரைப்பை, பெருத்த இடுப்பு, கிடந்த நிலை ஆகிய மூன்றும் ஒரே மணி நேரத்தில் கூடிவிடுகின்றன.

அரசின் எண்கள் இவ்விடத்தில் உதவுவதைவிட மறைப்பதே அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உடையவர்கள் என்பது மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் எடையை உயரத்தால் கணக்கிடும் இந்தக் குறியீட்டுக்குக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்பது தெரியாது. போதாததற்கு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது என்று அறியப்பட்ட பிறகும் அக்கணக்கெடுப்பு 25-இல்தான் தொடங்குகிறது. அதே கணக்கெடுப்பு இடுப்புக்கும் இடைக்கீழ்ச் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தையும் அளந்தது. இந்திய அளவில் குறியீட்டின்படி அதிக எடையுள்ள பெண்கள் 24 விழுக்காடு. விகிதத்தின்படி ஆபத்து வரம்பில் இருப்பவர்கள் 56.7 விழுக்காடு. ஆண்களில் அவை முறையே 22.9, 47.7. எதுக்களிப்புக்கு நெருக்கமான எண் இரண்டாவதுதான். அளந்தும் பேசப்படாததும் அதுவே. சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்கச் சொல்லி 2025-இல் பிரதமர் விடுத்த அழைப்பு தவறன்று என்றாலும், அளவுநாடா இல்லாத பிரசாரம் பாதிப் பிரசாரமே.

ஊசிக்கு வந்தால், எடை இறங்கிய பின் நெஞ்செரிச்சல் குறைவதற்கு நார்வேயின் பெரும் மக்கள்தொகை ஆய்வு உட்படச் சான்றுகள் வலுவாக உள்ளன. செமக்ளுடைடோ பசியை அடக்குவதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவது. தாமதமாகக் காலியாகும் இரைப்பை அமிலத்தை மேலேற்ற வல்லது என்பதால், எதுக்களிப்பு அம்மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. தொடக்க மாதங்களில் எடை குறைவதற்கு முன்பே எரிச்சல் கூடலாம் என்பதைப் பாதி விலை விளம்பரங்கள் சொல்லப்போவதில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்துவது மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும். எடைகுறைப்பு அறுவையில் இரைப்பையைக் குழாயாக்கும் ‘ஸ்லீவ்’ முறை எதுக்களிப்பைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே நோயுள்ளவர் ‘பைபாஸ்’ முறை பற்றிக் கேட்க வேண்டும். பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தைக் குறைக்குமே தவிர ஏறுவதைத் தடுக்கா. அவற்றின் உள்தாளில் சிறுநீரகப் பாதிப்பு எச்சரிக்கையைச் சேர்க்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் அறிவுறுத்தியது. மற்றொரு அமிலக் குறைப்பு மருந்தான ரானிடிடின் 2022-இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பால் சற்று நேரத்துக்கே தணிக்கும். இரவுணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். தலைமாட்டை உயர்த்த வேண்டும், தலையணையை அடுக்குவது பயனற்றது.

இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. விழுங்கச் சிரமம், கருநிற மலம், காரணமில்லா எடையிழப்பு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். எரிச்சலோடு வியர்வையும் இடது தோள்வலியும் சேர்ந்தால் அதைக் ‘கேஸ்’ என்று சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்கவும்.