கல்லாவுக்குப் பக்கத்து உண்டியல்

ஆம்பூர் பஜாரில் மளிகைக் கடை கல்லாவை ஒட்டி உண்டியல்கள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி மதரஸாவுடையது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்த சின்ன உண்டியல் கோயில் அன்னதானத்துக்கு. மூன்றுக்கும் ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர்கள். ஷூ கம்பெனிகளில் சம்பளம் போட்ட மறுநாள் கடையில் நிற்க இடம் இருக்காது. போன மாதத்துப் பற்றை அடைத்துவிட்டு, இந்த மாதத்துச் சாமான் சீட்டை நீட்டுகிற பெண்கள்தான் கூட்டத்தில் பாதிக்கு மேல்.

“மீதி எட்டு ரூபா இருக்கும்மா.”

“அதுலயே போட்டுடுங்க அண்ணாச்சி.”

“எதுல?”

“எதுலயாவது.”

கடைக்காரர் எட்டு ரூபாயையும் பிரித்து இரண்டு பெட்டியில் போடுகிறார். அந்தப் பெண் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். எட்டு ரூபாய் யாருக்குப் போக வேண்டும் என்ற முடிவைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் போகிறார். கடனுக்குச் சாமான் கொடுத்து நோட்டில் சரியாக எழுதுகிறவர், தர்மக் காசிலும் சரியாக இருப்பார் என்ற நம்பிக்கை.

சில்லறைதானே என்று தள்ளிவிட முடியாது. நாளொன்றுக்கு இருநூறு பேர் வருகிற கடையில் ஆளுக்கு ஒரு ரூபாய் விழுந்தாலே மாதம் 6,000 ரூபாய். ஒரு கடைத்தெருவில் இப்படி முப்பது கடைகள் இருந்தால் 1,80,000 ரூபாய். ஒரு சிறிய விடுதியின் அரிசி, பருப்புச் செலவை இது தாங்கும். அமைப்பின் ஆள் ரசீதுப் புத்தகத்தோடு வருவார், பூட்டைத் திறந்து பழைய செய்தித்தாளில் கொட்டுவார், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று அடுக்குவார். எண்ணி முடித்ததும் கடைக்காரர் பெயருக்கு ரசீது கிழிக்கப்படும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காசு போட்டவர்கள் பல நூறு பேர். ரசீதில் இருப்பது ஒரே பெயர்.

மூட்டைக்கு இவ்வளவு

வாடிக்கையாளர் காசைக் கடை வழியாகத் தர்மத்துக்குக் கொண்டுபோகும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தென் மாவட்ட வியாபாரிகள் அதை ஒரு நிர்வாகமாகவே வளர்த்தார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களின் நாடார் பேட்டைகளில் விற்கிற, வாங்குகிற சரக்கின் மேல் ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை வசூலானது. அது உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தின் பொதுப் பணம். கோயில், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தன. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வு நூலில், அந்தச் சமூகத்தின் எழுச்சிக்கு மகமை எப்படி முதுகெலும்பாக இருந்தது என்று விரிவாகவே எழுதியிருக்கிறார்.

விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு இன்னொரு வருமானமும் இருந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். அதை வீடு வீடாக வாங்கி விற்று, வந்த பணத்தில் பள்ளி நடந்தது. ‘பிடியரிசிப் பள்ளி’ என்றே ஊரில் பெயர். அங்கே படித்த காமராஜர் முதலமைச்சராகி மதிய உணவைக் கொண்டுவந்தபோது, முதலில் ஊர்மக்கள் நன்கொடையில்தான் பல பள்ளிகளில் அடுப்பு எரிந்தது. அரசுப் பணம் பின்னால் வந்து சேர்ந்தது.

மகமை நிலைத்ததற்குக் கருணை மட்டும் காரணமல்ல. சரக்கு எத்தனை மூட்டை வந்தது என்பது பேட்டைக்கே தெரியும். அதனால் எவ்வளவு மகமை சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். கொடுத்தவர்களே கூடிச் செலவை முடிவு செய்தார்கள், பள்ளிக்கூடம் கண்முன்னே எழுந்து நின்றது. இதற்கு ஒரு குறையும் உண்டு. அது ஒரு சாதியின் பணம், அந்தச் சாதியின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆம்பூர்க் கடையின் மூன்று உண்டியல்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் பேட்டையில் இருந்த கணக்கு மட்டும் கூட வரவில்லை.

தோல் கொடுத்த கல்லூரிகள்

வேலூர்–ஆம்பூர் பகுதிக்கென்று சொந்தமான ஒரு கொடை மரபு உண்டு. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுச் சம்பாதித்தவர்கள் பெட்டியைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது. ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல் வந்தது. மேல்விஷாரத்தில் பிறந்த தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) ஊருக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தவர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே பயணிகள் தங்கும் சித்திக் சராய் அவர் கட்டியது. அவர் பெயரில் 1965-இல் மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது.

பக்ரீத் வந்தால் இந்த மரபின் எளிய வடிவத்தைத் தெருவிலேயே பார்க்கலாம். குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை விற்றுச் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். அதனால் தோல் மதரஸாவுக்கும் அநாதை இல்லத்துக்கும் போகிறது. அவர்கள் மொத்தமாக விற்று வருடச் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டுவார்கள். அண்மை ஆண்டுகளில் ஆட்டுத் தோல் விலை படுத்துவிட்டதால் இந்த வருமானமும் சுருங்கியது. ஒரு வரவு வற்றும்போது மளிகைக் கடை உண்டியலின் பாரம் கூடுகிறது.

வேலூரின் இன்னொரு பெருங்கொடைக்கும் கதை உண்டு. 1900-இல் ஒரே படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார் டாக்டர் ஐடா ஸ்கடர். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில், 40 படுக்கைகளோடு 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. இன்றைய சி.எம்.சி.யின் வேர் அதுதான்.

பெரிய கொடையாளிகளின் பெயரைக் கட்டடமும் கல்லூரியும் சுமக்கின்றன. அது நியாயம்தான். எட்டு ரூபாய் போட்ட ஷூ கம்பெனிப் பெண்ணுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அவரும் அதைக் கேட்கவில்லை. அவருக்குக் கொடுக்கக்கூடிய மரியாதை ஒன்றே ஒன்று: அந்தப் பணம் என்ன ஆனது என்று சொல்வது.

பணம் யாருடையது?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வட இந்திய வியாபாரிகள் பில்லில் சரக்கு விலைக்குக் கீழே ‘தர்மாதா’ என்று ஒரு தொகையை எழுதி வாங்குவது பழைய வழக்கம். நம் மகமைக்கு அண்ணன் தம்பி மாதிரி. பிஜிலி காட்டன் மில்ஸ் என்ற நிறுவனம் அப்படி வாங்கிய பணம் அதன் வியாபார வருமானம்தான், வரி கட்ட வேண்டும் என்றது வருமான வரித் துறை. 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொடுக்காமல் சரக்கு கிடைக்காது என்றாலும், அது சரக்கின் விலை அல்ல. தர்மத்துக்கென்று வாடிக்கையாளர் கொடுத்தது. வியாபாரி அதைத் தர்மத்துக்கே செலவழிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே அது அவருடைய வருமானம் ஆகாது.

வியாபாரிகளுக்குச் சாதகமான தீர்ப்பு என்றுதான் இதைச் சொல்வார்கள். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். வருமானம் அல்ல என்றால், அது கடைக்காரர் தன் கொடையாகக் காட்டிக்கொள்ளும் பணமும் அல்ல. மேடையில் பொன்னாடை போர்த்தி, ‘அண்ணாச்சி கடை சார்பில் 25,000 ரூபாய்’ என்று அறிவிக்கும்போது, அதில் அண்ணாச்சியின் பணம் எவ்வளவு, உண்டியல் பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் முறை.

சில்லறை போன பிறகு

2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு உண்டியலுக்கு வேறொரு சோதனை. 342 ரூபாய் பில்லுக்கு போனில் 342 ரூபாயே போய்விடுகிறது. எட்டு ரூபாய் மீதி என்ற பேச்சே எழுவதில்லை. சில அமைப்புகள் உண்டியல் மேலேயே கியூ.ஆர். அட்டையை ஒட்டிவிட்டன. பணம் நேராக அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, யார் எப்போது கொடுத்தார் என்ற பதிவும் நிற்கிறது. கணக்குக்கு இது நல்லது. ஆனால் கையில் இருக்கும் மீதியைப் போடுவதற்கு யோசனை தேவையில்லை. போனை எடுத்து ஐந்து ரூபாய் அனுப்புவதற்கு மனம் வைக்க வேண்டும்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பில்லை அடுத்த ஐந்து, பத்து ரூபாய்க்கு உயர்த்தி, “மூணு ரூபா சேர்த்துக்கவா மேடம்?” என்று கேட்பது. பின்னால் ஆறு பேர் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே பலர் தலையாட்டுகிறார்கள். எந்த அமைப்புக்கு என்று கேட்டால் பில் போடுகிற பையனுக்கும் தெரிவதில்லை. தெரிந்த அண்ணாச்சியிடம் ‘எதுலயாவது’ என்பது நம்பிக்கை. முகம் தெரியாத கம்பெனியிடம் அதையே சொன்னால் ஏமாளித்தனமாகவும் முடியலாம்.

கடையும் தர்மமும் கணக்கோடு சேர்ந்து நடக்க முடியும் என்பதற்குக் கூட்டுறவு இயக்கம் சாட்சி. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் சாதாரண நெசவாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு மளிகைக் கடை போட்டார்கள். அந்த வழியில் சென்னையில் 1904-இல் பிறந்தது திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். வாடிக்கையாளரே உறுப்பினர். லாபத்தில் எவ்வளவு பொதுக் காரியத்துக்கு என்பது பேரவையில் அறிக்கையோடு வைக்கப்படும், கை தூக்கிக் கேள்வி கேட்கலாம்.

தனியார் மளிகைக் கடையில் பேரவை கூட்ட முடியாது. ஆனால் மூன்று காரியங்களைச் செய்யலாம், செலவு ஒரு தாளும் பசையும்தான். உண்டியலைத் திறக்கும்போது கடையில் நிற்கிற வாடிக்கையாளர் இருவரைப் பக்கத்தில் வைத்து எண்ணுவது. ரசீதில் கடை பெயருக்குப் பதில் ‘கடை வாடிக்கையாளர்கள்’ என்று எழுதச் சொல்வது. மாதம், தொகை, பெற்ற அமைப்பு, ரசீது எண் நான்கையும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டுவது. பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள் உண்டியலில் போடாமல், அமைப்பிடமே தங்கள் பெயரில் ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டால் அண்ணாச்சி கோபிப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். பற்று நோட்டில் ஒரு ரூபாய் கூடுதலாக எழுதியிருந்தால் அதே பெண் அங்கேயே நின்று கேட்பார், அவரும் திருத்திக் கொடுப்பார். உண்டியல் கணக்கையும் அதே உரிமையோடு கேட்கலாம். ஒழுங்காக நடத்துகிற கடைக்காரருக்கு அந்தத் தாளைவிட நல்ல விளம்பரம் வேறு கிடையாது.