‘இடுப்பு சரி, தொடை பிடிக்குது!’ - உங்கள் அளவுக்கு வீட்டிலேயே பேண்ட் தைப்பது எப்படி?

கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறினால், முத்தியால்பேட்டையைத் தாண்டிச் சிறிது நேரத்தில் புதுச்சேரி நேரு வீதி. ரெடிமேட் கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால், ட்ரையல் ரூமுக்குள் போனதும் அதே பிரச்சினை. இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடிக்கும். தொடைக்காக ஒரு சைஸ் கூட்டினால், பின் இடுப்பில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பெண்கள் பேண்ட் என்றால் பாக்கெட்டும் பேருக்குத்தான். “வெயிட் போட்டுட்டேன் போல” என்று தன்னையே நொந்துகொண்டு திரும்புபவர்கள்தான் அதிகம்.

உடம்பை நொந்துகொள்ளத் தேவையில்லை. சிக்கல், அந்த பேண்ட் வெட்டப்பட்ட அளவில் இருக்கிறது. ஒரு பேட்டர்ன், ஒரு தையல் மெஷின், கொஞ்சம் பொறுமை இருந்தால் அதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

ரெடிமேட் ஏன் பொருந்துவதில்லை?

இந்தியாவில் விற்கும் பல பிராண்டுகள் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவு அட்டவணைகளைத் தழுவியே துணி வெட்டுகின்றன. நம் உடலமைப்புக்கென்று அளவு அட்டவணை தயாரிக்கத்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்தன. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளப்பது இதன் இலக்கு.

பாக்கெட் புகாரும் வெறும் புலம்பல் இல்லை. ‘தி புட்டிங்’ இணைய இதழ் 2018-ல் 20 அமெரிக்க பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட், ஆண்களுடையதைவிட சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு.

பேட்டர்ன் என்றால் என்ன?

பேண்ட்டின் ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் அளவாக வரைந்த வடிவம்தான் பேட்டர்ன். துணிமேல் வைத்து, அதைச் சுற்றி வெட்டலாம். 1863-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸைச் சேர்ந்த தையல்காரர் எபனேசர் பட்டரிக், பல சைஸ்களில் காகித பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். இன்று ‘ஃப்ரீசூயிங்’ போன்ற தளங்களில் நம் அளவுகளைக் கொடுத்தால் பேட்டர்ன் இலவசமாகவே கிடைக்கும்.

ஏ4 தாள்களில் 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். பெரும்பாலான பேட்டர்ன்களில் ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். அதை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே கத்தரியை எடுக்கவும். சைஸைத் தேர்வு செய்ய இடுப்பைப் பார்க்கக் கூடாது. சீட் அளவைப் பார்க்க வேண்டும். இடுப்பைப் பிறகு டக் பிடித்துக் குறைப்பது சுலபம்.

முக்கியமான அளவு எது?

இடுப்பு, சீட், தொடை, பாட்டம், உயரம் எல்லோரும் எடுப்பவை. ஆனால் பேண்ட் அமைவதும் சொதப்புவதும் ‘ஃபோர்க்’கில்தான். அதாவது, இரண்டு கால்களும் பிரியும் இடத்து வளைவு. இதற்கு இரண்டு அளவுகள் தேவை.

ஒன்று: பலகை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து பலகை வரை உள்ள உயரம்.

இரண்டு: முன் இடுப்பில் தொடங்கி, கால்களுக்கு இடையே சென்று, பின் இடுப்பு வரை வரும் நீளம்.

முதலில் காடா துணி

நல்ல துணியில் நேரடியாகக் கத்தரி வைக்காமல், விலை குறைந்த காடா துணியில் ஒன்று வெட்டி, பெரிய தையலாகப் போட்டு அணிந்து பார்க்கலாம். உட்கார்ந்து, குனிந்து, படியேறிப் பார்க்கவும். எங்கே தவறு என்று சுருக்கங்களே சொல்லிவிடும்.

- உட்காரும்போது பின் இடுப்பு கீழே இறங்கினால், பின் ஃபோர்க் நீளம் போதவில்லை. கூட்ட வேண்டும்.
- முன்பக்கம் ஃபோர்க்கிலிருந்து விசிறிபோல் கோடுகள் இழுத்தால், அங்கே இறுக்கம். ஃபோர்க் முனையில் அரை அங்குலம் கூட்டிப் பார்க்கலாம்.
- சீட்டுக்குக் கீழே துணி தொங்கினால், பின்பாகத்தில் துணி அதிகம். குறைக்க வேண்டும்.

திருத்தத்தை அப்படியே காகிதத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த பேண்ட்டுக்கு இந்த வேலை இல்லை.

துணி எவ்வளவு?

58 அங்குல அகலத் துணி என்றால் சாதாரண பேண்ட்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர். 44 அங்குல அகலம் என்றால் இரண்டேகால் மீட்டராவது வேண்டும். பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டவும். 40 அங்குல நீள பேண்ட் 3 சதவீதம் சுருங்கினால்கூட ஒன்றேகால் அங்குலம் காணாமல் போகும்!

பேட்டர்னில் உள்ள அம்புக்குறி, துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால், துவைத்த பிறகு கால் முறுக்கிக்கொள்ளும்.

தைப்பது எப்படி?

முதலில் பாக்கெட். பிறகு ஒவ்வொரு காலின் வெளித்தையலும் உள்தையலும். அதன்பின் ஒரு காலை நல்ல பக்கமாகத் திருப்பி, மற்றொரு காலுக்குள் நுழைத்து, ஃபோர்க்கை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். இங்கே இரட்டைத் தையல் அவசியம். கடைசியில் பெல்ட் பட்டி, மடிப்பு. முதல் பேண்ட்டுக்கு ஜிப் வேண்டாம், எலாஸ்டிக் போதும். சாதாரண துணிக்கு 14-ம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16.

டெய்லரிடம் “உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க” என்று அம்மாக்கள் சொல்வது நினைவிருக்கும். பின் நடுத்தையலில் ஒரு அங்குலம் விட்டால், எடை கூடினாலும் அதே பேண்ட்டைப் பிரித்து அகலமாக்கலாம்.

மரக்காணம் வரையிலான இந்தக் கடற்கரையில் உப்புக் காற்று அதிகம். ஊசியும் குண்டூசியும் துருப்பிடித்து வெளிர் துணியில் கறை வைத்துவிடும். மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. மெஷினுக்கு எண்ணெயும் உறையும் முக்கியம்.

மெஷின் இல்லையா?

கோட்டக்குப்பம் புதுச்சேரியை ஒட்டியிருந்தாலும், இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். எனவே தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் இங்கும் பொருந்தும். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கானது இது. வயது, வருமான வரம்பு உண்டு. விவரங்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம்.

காசு மிச்சமாகுமா?

முதல் பேண்ட்டில் ஆகாது. துணி, காடா, நூல், ஒரு வார இறுதி எல்லாம் சேர்ந்தால் தள்ளுபடி விலை ரெடிமேட் மலிவாகவே தெரியும். ஆனால் திருத்திய பேட்டர்ன் கையில் இருந்தால், இரண்டாவது பேண்ட்டிலிருந்து துணியை வெட்டித் தைப்பது மட்டும்தான் வேலை. பாக்கெட்டும் போன் முழுசாக உள்ளே போகிற ஆழத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.