கடக்க முயன்றவர்: ஒரு மனுவை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், முக்கு ரோட்டைப் பயமில்லாமல் கடக்க வழி கேட்டு மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "தம்பி, எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கீகல்ல, நீங்களே எழுதிருங்க" என்றார் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறப்போகும் ஓர் அக்கா. எழுதிக் கொண்டுபோனோம். மனுவை வாங்கிய அலுவலர் கேட்ட முதல் கேள்வி: "இதுவரைக்கும் எத்தன சாவு?"

அவரைக் கல்நெஞ்சர் என்று ஏசிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அக்கேள்வி அவருடையதல்ல, அமைப்பினுடையது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2015-இல் வகுத்த வரையறைப்படி, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் பதிவானால்தான் ஓர் இடம் 'கரும்புள்ளி'. அதாவது, பிணம் விழுந்த பிறகே இடம் அரசின் கண்ணுக்குப் புலனாகிறது. வண்டிகளுக்குப் பயந்து ஓரத்திலேயே நிற்கும் கிழவி, பிள்ளையைத் தனியே அனுப்பாத தாய் – இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடக்காதவர்களுக்குக் கணக்கு கிடையாது.

சரி, செத்த பிறகாவது? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நம் நாளிதழ்கள் இவர்களை எழுதும் வாக்கியம் இது: 'சாலையைக் கடக்க முயன்றபோது கார் மோதிப் பலி.' காருக்கு ஓட்டுநர் இல்லை, வேகம் இல்லை. நடந்தவருக்கு மட்டுமே வினை. அதுவும் 'முயன்ற' வினை. ஆலையில் வெடித்தால் 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று கேட்டுப் பழகிய நமக்கு இவ்விலக்கணம் புதிதல்ல. அமெரிக்காவில் 1920-களில் மோட்டார் வணிகர்கள் இதற்கென ஒரு வசைச்சொல்லையே பரப்பினார்கள்: 'ஜேவாக்கர்'. நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று பொருள்.

எதிர்ச்சொல்லை உண்டாக்கியவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 1971-இல் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த இயக்கத்தின் பெயர் 'குழந்தைக் கொலையை நிறுத்து'. 'விபத்து' என்னாமல் 'கொலை' என்றே பெயரிட்டார்கள். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் டி பெய்ப் பகுதிச் சிறுவர்கள் தெருவை மறித்து விளையாடினார்கள். பின்னர் வந்த எண்ணெய் நெருக்கடியும் கைகொடுக்க, அந்நாட்டின் தெருக்கள் மாறின.

சொல்லை மாற்றினால் போதுமா என்று தோழர்கள் கேட்கலாம். போதாதுதான். வெள்ளைக்கோடு மட்டும் போட்டாலும் போதாது. கோடு போட்ட இடத்தில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளே சொல்லின. எந்த வண்டி நின்றது? 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், 30 கிலோமீட்டரில் உள்ளதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே நாம் கேட்க வேண்டியவை: வண்டியை மெதுவாக்கும் மேடான கடவை, பாதியில் நின்றுகொள்ள ஒரு நடுத்திட்டு, இரவில் வெளிச்சம்.

மனுவைத் திருத்தினேன். 'பொதுமக்கள் கவனமாகக் கடக்க ஏதுவாக' என்று முதலில் எழுதியிருந்தவன் நான்தான். அந்த வரி இப்போது, 'வண்டிகள் நின்று போக வேண்டும்.' வாசித்துக் காட்டியபோது அக்கா சொன்னார்: "இதத்தான தம்பி மொதல்லயே சொன்னோம்."