படிப்பின் பிடி யார் கையில்?

அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத் ஆகிய எட்டுப் பல்கலைக்கழகங்களும் ஐவி லீக் என்ற பெயரில் ஒன்றோடொன்று விளையாடுகின்றன. 1954இல் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவை விளையாட்டுத் திறமைக்காக யாருக்கும் உதவித்தொகை தருவதில்லை. வீட்டு வருமானத்தைக் கணக்கிட்டுத் தரும் நிதியுதவி மட்டுமே உண்டு. பெரிய விளையாட்டுப் பல்கலைக்கழகங்களோ கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கின்றன. 2025 ஜூலை 1 முதல் வீரர்களுக்கு நேரடியாகவே பணமும் தரலாம் என்றாகிவிட்டது. இருந்தும், பெரிய அணிகள் கூப்பிட்ட கூடைப்பந்துப் பிள்ளைகளில் சிலர் ஆண்டுதோறும் ஐவி பக்கம் போகிறார்கள். 2016இல் ஹார்வர்டு சேர்த்த புதுமுகங்களை ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி நாட்டின் முதல் பத்து வரிசைக்குள் வைத்தது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஆசை என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். கல்லூரியின் பெயர் இரண்டாம்பட்சம். பிள்ளையின் படிப்புச் செலவு விளையாட்டோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறதா, அந்த முடிச்சை அவிழ்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஐவியைத் தேர்ந்தெடுப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அந்த முடிச்சு இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய அணிக்குப் போகிறவர்களும் அதே பாதுகாப்பை ஓரளவு எழுதி வாங்க முடியும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

விளையாட்டு உதவித்தொகை என்றால் நான்காண்டுப் படிப்பும் இலவசம் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் எண்ணுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 1973இல் அதை ஓராண்டு ஒப்பந்தமாகச் சுருக்கியது. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. பல ஆண்டு உதவித்தொகை தர மறுபடி அனுமதி வந்தது 2012இல்தான். ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக அதைப் பறிக்கக் கூடாது என்று ஐந்து பெரிய லீக்குகள் முடிவெடுத்தது 2015இல். என்.சி.ஏ.ஏ.வின் உச்ச நிலையான முதல் பிரிவுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு விரிந்தது 2024 ஆகஸ்டில். இன்றும் வீரர் தானாகவே அணியை விட்டு விலகினால் பணம் நின்றுபோகலாம். இதில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு 1972இலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்த கிரெக் டெய்லர், மதிப்பெண் சரிந்ததைக் கண்டு பயிற்சியை நிறுத்திவிட்டுப் படிப்பில் இறங்கினார். மதிப்பெண் ஏறியது. உதவித்தொகை போனது. வட கரோலினா மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது: விளையாடுவதாக ஒப்புக்கொண்டுதான் பணம் வாங்கினீர்கள், விளையாடவில்லை.

இதைவிட வேதனையானது கெவின் ராஸின் கதை. ஒமாஹா நகரின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்துக்கு 1978 முதல் 1982 வரை கூடைப்பந்து ஆடியவர் அவர். துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்ற பாடங்களை எடுக்கச் சொல்லி அவரைத் தகுதிக் கோட்டுக்கு மேலேயே வைத்திருந்தார்கள். நான்காண்டு முடிந்தபோது பட்டத்துக்கு வேண்டிய 128 மதிப்பலகுகளில் அவரிடம் இருந்தவை 96. வாசிப்புத் திறன் ஏழாம் வகுப்பு அளவு; மொழித் திறன் நான்காம் வகுப்பு அளவு. பிறகு சிகாகோவில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர் படிக்கத் தொடங்கினார். அவர் தொடுத்த வழக்கில் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் சொன்னதை ஒவ்வொரு பெற்றோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கற்பித்தது தரமாக இல்லை என்று கல்லூரி மீது வழக்குப் போட முடியாது. ஆனால் இன்ன உதவியைத் தருவோம் என்று குறிப்பாக வாக்குக் கொடுத்து, அதை அறவே செய்யாமல் விட்டால், ஒப்பந்த மீறல் என்று கேட்கலாம். ராஸுக்குத் தனிப்பயிற்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்ற அந்த ஒரே புள்ளியில்தான் அவர் வழக்கு உயிர் பிழைத்தது. பிறகு 30,000 டாலருக்குச் சமரசமானது. 'நல்ல கல்வி தருவோம்' என்ற பொதுவான பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் இந்தப் பாடத்தில் தனிப்பயிற்சி என்று எழுதியிருந்தால் மதிப்புண்டு.

அதெல்லாம் பழைய காலம், நல்ல பெயருள்ள கல்லூரியில் அப்படி நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் நாட்டின் மிகச் சிறந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. கூடைப்பந்திலும் முதல் வரிசை. அங்கே 18 ஆண்டுகளாக வகுப்பே நடக்காத பாடங்கள் ஓடின என்பதைக் கென்னத் வெய்ன்ஸ்டீன் தலைமையிலான விசாரணை 2014 அக்டோபரில் வெளிக்கொண்டுவந்தது. மாணவர் ஒரே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். அதைப் பெரும்பாலும் பேராசிரியர்கூடப் பார்க்கவில்லை, துறை அலுவலக ஊழியர் ஒருவரே தாராளமாக மதிப்பெண் போட்டார். இப்படிப் படித்த 3,100க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் விளையாட்டு வீரர்கள். மற்ற மாணவர்களும் அதே வகுப்புகளில் இருந்தார்கள் என்பதால் 2017இல் என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் தரவில்லை. அங்கு ஆடிய ரஷாண்டா மக்கேன்ட்ஸ் முதலானோர் 'தருவதாகச் சொன்ன கல்வி எங்கே?' என்று வழக்குத் தொடுத்தார்கள். கல்வியின் தரத்துக்குத் தான் பொறுப்பல்ல என்ற என்.சி.ஏ.ஏ.வின் வாதம் நீதிமன்றத்தில் வென்றது. ஆகவே தரவரிசைப் பட்டியலில் மேலே இருக்கிறது என்பது மட்டும் காப்பாகாது. ஒரு பிள்ளை எந்தப் பாடத்தை எடுக்கிறான் என்பதை விளையாட்டுத் துறை தீர்மானிக்கும் இடத்தில், பெரிய பெயரும் உதவாது.

படிப்புச் செலவை ஆட்டத்தோடு கட்டும் சங்கிலி ஐவியில் அறுந்திருக்கிறது. முதலாண்டிலேயே முழங்கால் போனாலும், பயிற்சியாளர் மாறினாலும், பிள்ளைக்கே ஆட்டம் அலுத்துப்போய் அணியை விட்டு விலகினாலும், நிதியுதவி குறைவதில்லை. அது வருமானத்தோடு கட்டப்பட்டது. 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வர்டு, வழக்கமான சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. 1,00,000 டாலருக்குள் என்றால் தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். லீக் ஆட்டங்களைப் பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் வைத்துக்கொள்வதால் வகுப்புகள் அதிகம் விட்டுப்போவதில்லை. ஸ்டான்ஃபோர்டும் உயர்ந்த கல்லூரிதானே என்றால், ஆம், உயர்ந்ததுதான். ஆனால் 2024 முதல் அது அட்லாண்டிக் கரையோர லீக்கில் ஆடுகிறது. கலிஃபோர்னியாவிலிருந்து கண்டத்தின் மறுகரை வரை வார நடுவிலும் பறக்க வேண்டியிருக்கிறது. பொறியியலோ மருத்துவத்துக்கு முந்தைய படிப்போ எடுக்கும் பிள்ளைக்கு ஆய்வக வகுப்பு எந்தக் கிழமை என்பது சிறிய விஷயமல்ல.

ஐவியிலும் ஆபத்துகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. முதலாவது, பயிற்சியாளரின் வாய்ச்சொல். 'உனக்கு இடம் உண்டு' என்று அவர் சொன்னாலும், இடம் தரும் அதிகாரம் சேர்க்கை அலுவலகத்துக்கே. அந்த அலுவலகம் அக்டோபர் 1 முதல் அனுப்பும், 'சேர்க்கை கிடைக்கும்' என்று உறுதி சொல்லும் முன்கடிதம் கைக்கு வரும்வரை எதுவும் நிச்சயமில்லை. மற்ற கல்லூரிகளுக்குப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு என்று பயிற்சியாளர் நிபந்தனை போடக் கூடாது என்பது ஐவி கல்லூரிகளின் கூட்டறிக்கையிலேயே இருக்கிறது. யாராவது அப்படி நெருக்கினால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதலாம். இரண்டாவது, இடைத்தரகர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜெரோம் ஆலன், ஒரு பணக்காரரின் மகனை 'வேண்டிய வீரர்' பட்டியலில் சேர்க்க லஞ்சம் வாங்கியதை 2018இல் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே நாடு தழுவிய சேர்க்கை மோசடி வெளிவந்து பெற்றோர்கள் சிறைக்குப் போனார்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரை அந்த நிமிடமே விலக்கிவிட வேண்டும். மூன்றாவது, சேர்ந்த பிறகு படிப்பு தானாக வந்துவிடாது. பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவன், ஜேம்ஸ் ஷுல்மனுடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, சேர்க்கை மிகக் கடுமையான கல்லூரிகளிலும் விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் தங்கள் நுழைவு மதிப்பெண் காட்டும் அளவைவிடக் குறைவாகவே தேறுவதையும், சில பாடங்களிலேயே குவிவதையும் காட்டியது. டார்ட்மத் ஆண்கள் கூடைப்பந்து அணியினர் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கத்தில் சேரத் தீர்மானித்ததையும் மறக்கக் கூடாது. அவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி முடிவு சொல்லியிருந்தார், பல்கலைக்கழகம் எதிர்த்தது, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று தொழிற்சங்கத்தின் மனு திரும்பப் பெறப்பட்டது. உதவித்தொகை இல்லாவிட்டாலும் அங்கே பயிற்சி வேலைதான், நேரத்தைத் தின்னும் வேலை.

எதிர்வாதங்களில் கனமானது பணம். வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றபின், ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் தன் வீரர்களுக்கு மொத்தமாக 2.05 கோடி டாலர் வரை பங்கிடலாம் என்றானது. அந்தத் திட்டத்தில் சேர மாட்டோம் என்று ஐவி லீக் 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. வீட்டில் கடன் இருக்கிற ஒரு குடும்பத்திடம் இந்தப் பணத்தை உதறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் என்னாகும், நடுவில் வேறு கல்லூரிக்கு மாறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா என்பதை, விளையாட்டுத் துறைக்கு வேண்டியவரல்லாத ஒரு வழக்கறிஞர் படித்துச் சொல்ல வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை தனியாகக் கையெழுத்திடும் தாளல்ல அது.

அடுத்தது, தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் கனவு. இதில் ஐவியின் கணக்கு மங்கலானதுதான்: புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1995இல் தேர்வான அதே ஜெரோம் ஆலனுக்குப் பிறகு தேர்வான அடுத்த ஐவி வீரர் 2019இல் யேலின் மியே ஓனி. இடையில் 24 ஆண்டுகள். ஹார்வர்டின் ஜெரமி லின் 2010இல் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாமலே உள்ளே நுழைந்தவர். ஆயினும் டிராஃப்டில் மொத்தமே அறுபது இடங்கள். முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட அணிகள். டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் தேர்வாகிறார் என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. அந்த ஒருவராக இருக்கக்கூடிய பிள்ளைக்கும் ஐவி இப்போது முட்டுச்சந்து அல்ல. யேலில் இரண்டாண்டு ஆடிய டேனி வுல்ஃப் 2024இல் மிச்சிகனுக்கு மாறி, 2025 டிராஃப்டில் 27ஆவதாகத் தேர்வானார். முதுகலை மாணவர் ஆடக் கூடாது என்ற ஐவி விதியால் ஹார்வர்டின் சேத் டவுன்ஸ் பட்டத்தை முடித்துக்கொண்டே ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். பட்டம் கையில், ஆட்டமும் மிச்சம்.

இனி, யாரும் கேட்காததால் பயன்படாமல் கிடக்கும் ஓர் உரிமை. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் டியூக் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டு, பிறகு அதை விட்டுப் பிரின்ஸ்டனுக்குப் போனவர் பில் பிராட்லி. வங்கி நடத்திய தந்தையால் கட்டணம் கட்ட முடிந்தது. அந்த வசதி அன்று எல்லோருக்கும் இல்லை. 1965இல் பிரின்ஸ்டனைத் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுக்குள் கொண்டுசென்று, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, நியூயார்க் நிக்ஸுக்காக இரண்டு பட்டங்கள் வென்று, பின்னர் செனட்டரானார். அவர் முன்னின்று கொண்டுவந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு உதவித்தொகை தரும் கல்லூரிகள் எத்தனை வீரர்கள் பட்டம் பெற்றார்கள் என்பதை விளையாட்டு வாரியாக வெளியிட வேண்டும் என்கிறது. உதவித்தொகை பேசப்படும் மாணவருக்கும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு போய்ச்சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்.சி.ஏ.ஏ. தனியாக வெளியிடும் பட்டத் தேர்ச்சி விகிதத்தில், நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறியவர்கள் கழிக்கப்பட்டுவிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் மாறுதலுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். மாறும்போதெல்லாம் சில பாடங்களின் மதிப்பலகுகள் உதிர்கின்றன. ஆகவே மாறியவர்களைக் கழிக்காத அரசு முறை விகிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கடந்த ஐந்தாண்டில் இந்த அணியில் ஆடியவர்கள் என்ன படித்தார்கள், ஆய்வக வகுப்புள்ள பாடத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். உதவித்தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ கல்லூரி ஜூலை 1க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவின் முன் முறையிடும் உரிமையும் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல், ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை விலகிய பின்னும் இரண்டாண்டு வரை முதல் பிரிவுக் கல்லூரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐவி என்றால், ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் சட்டப்படி இருக்கவேண்டிய செலவுக் கணிப்பானில் வருமானத்தை இட்டுப் பார்த்துவிட்டே பயிற்சியாளரோடு பேச்சைத் தொடரலாம்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பெற்றோரின் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை, 21 வயதில் அந்தத் தகுதியை இழந்து பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு விசாக்களிலும் வேலை செய்து பணம் ஈட்டக் கடும் கட்டுப்பாடு உண்டு. விளம்பரப் பணமோ பல்கலைக்கழகம் பங்கிடும் பணமோ வாங்கினால் விசா மீறலாகிவிடும் ஆபத்து இருப்பதால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்கக் கூடாது. பெரிய அணி காட்டும் கவர்ச்சியில் பாதி இவர்களுக்கு எட்டாது. உதவித்தொகை மட்டும் எட்டும். ஐவியிலும் எல்லாக் கதவுகளும் ஒன்றல்ல. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத், பிரவுன் ஆகிய ஐந்தும் வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள மாணவரைச் சேர்க்கும்போது அவருக்குப் பண உதவி தேவையா என்று பார்ப்பதில்லை. மற்ற மூன்றும் பார்க்கின்றன. தன் பிள்ளை எந்தக் கணக்கில் வருகிறது என்பதை நிதியுதவி அலுவலகத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.