நெருக்கடியில் நுண்ணுயிர்: சடுதிமாற்றம் எவ்வாறு தோன்றுகிறது?

'கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது' என்று நாம் இல்லத்திலும் வகுப்பறையிலும் இயல்பாகக் கூறுகிறோம். இத்தொடர், ஒரு நுண்ணுயிர் மருந்தைச் சந்தித்த பின்னர் அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்னும் எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் பதிக்கிறது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை இங்குக் காண்போம்.

1943ஆம் ஆண்டில் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் ஈ.கோலை பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்தனர். பின்னர், அதனைக் கொல்லும் வைரஸ் நிறைந்த தட்டுகளில் பரப்பினர். வைரஸைச் சந்தித்த பின்னரே எதிர்ப்பாற்றல் பிறக்குமாயின், எல்லாக் குழாய்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பாக்டீரியாக்கள் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் சில குழாய்களில் ஒன்றும் பிழைக்கவில்லை; வேறு சிலவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை பிழைத்தன. எனவே, வைரஸ் வருமுன்னரே சடுதிமாற்றம் தற்செயலாக நேர்ந்திருந்தது. அது முந்தி நேர்ந்த குழாய்களில் வழித்தோன்றல்கள் மிகுந்திருந்தன.

அவ்வாறாயின், சுற்றுச்சூழலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. புற ஊதாக் கதிரும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. சிதைவை உணரும் ரெக்ஏ என்னும் புரதம் செயலூக்கம் பெற, லெக்ஸ்ஏ என்னும் தடைப்புரதம் பிளவுறுகிறது. அதனால், அதுவரை அடங்கியிருந்த பழுதுநீக்கும் மரபணுக்கள் விழித்தெழுகின்றன. இதனை எஸ்.ஓ.எஸ். மறுவினை என்பர். அப்போது உருவாகும் நொதிகளுள் சில, சிதைந்த இடத்தையும் கடந்து படியெடுக்க வல்லவை. ஆயினும் பிழை மிகுதியாகச் செய்பவை. செல்லரித்த ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர், எழுத்தழிந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்தை இட்டு மேற்செல்வதை இதற்கு ஒப்பிடலாம். ஏடு எஞ்சுகிறது, பாடபேதமும் பிறக்கிறது.

இவ்வாறு நெருக்கடி, சடுதிமாற்றத்தின் வேகத்தைக் கூட்டுகிறது. எனினும் 'இம்மாற்றமே வேண்டும்' எனத் திசைகாட்டுவதில்லை. பெரும்பாலான மாற்றங்கள் தீங்கானவை அல்லது பயனற்றவை. அரிதாக ஒன்று மருந்தை எதிர்க்க உதவினால், ஏனையவை மடிய, அதுவே பெருகுகிறது.

ஆகவே, வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் உண்பது பயனற்றது. அதற்கும் மேலாக, நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களுள் எதிர்ப்பாற்றல் உடையவற்றை நாமே தேர்ந்து வளர்ப்பதாகும். 'கிருமி பழகிவிட்டது' என்பதற்கு மாற்றாக, 'எதிர்க்க வல்ல கிருமிகள் எஞ்சிப் பெருகிவிட்டன' என்று நாம் கற்பிப்போமாக. சொல் திருந்தினால் மாணவரின் அறிவியல் புரிதலும் திருந்தும்.