கிரிவலமும் கருதுகோளும்: உளவியல் ஆய்வில் நோக்கத்தின் எல்லை

திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் ஏறத்தாழ 14 கி.மீ. மலைவலம் வருவோரை ஆராய முற்படும் மாணவர், 'கிரிவலம் மன அமைதி தருவதை நிறுவுதல்' என நோக்கத்தை எழுதிவிடுவதுண்டு. விடையை முன்பே முடிவுசெய்துவிட்ட இத்தொடர் நோக்கமும் அன்று, கருதுகோளும் அன்று. 'கிரிவலத்திற்கும் மனநலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்தல்' என்பது நோக்கம். கருதுகோளோ, பொய்ப்படக்கூடிய கூற்றாக அமைதல் வேண்டும்: 'வலம் வந்தோரின் மனநல மதிப்பெண், ஒரு மாதம் கழித்து, வாராதோரின் மதிப்பெண்ணைவிட மிகுதியாக உயர்ந்திருக்கும்.' வேறுபாடே இல்லை எனும் இன்மைக் கருதுகோளை இதற்கெதிரே நிறுத்துகிறோம். புள்ளியியல் சோதனைக்கு உள்ளாவது இதுவே.

'வாராதோர்' என்பது சிறு சொல். ஆய்வின் உயிர் அதில்தான் உள்ளது. அத்தனை தொலைவு நடக்க இயல்வோர் தொடக்கத்திலேயே நலமுடையோராய் இருத்தல் கூடும். ஆதலின் வலம் முடிந்தபின் மட்டும் அளப்பது போதாது. அலகாபாத் மாக மேளா குறித்து சுருதி திவாரி முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நல்ல சான்று. மேளாவில் பங்கேற்ற 416 பேரையும் பங்கேற்காத 127 பேரையும், விழாவுக்கு ஒரு மாதம் முன்னும் ஒரு மாதம் பின்னும் அவர்கள் வினவினர். பங்கேற்றோர் தம் நலம் குறித்து அளித்த மதிப்பீடு, மற்றவர் மதிப்பீட்டோடு ஒப்பிட, உயர்ந்திருந்தது.

எனினும் செல்வதும் செல்லாமையும் அவரவர் தேர்வே. ஆய்வாளர் பகுத்தளித்தது அன்று. கிரிவலத்திலோ நடைப்பயிற்சியின் பயனும் கலந்துள்ளது. அதே பாதையில் வேறொரு நாளில் உடல்நலத்திற்காக நடப்போரை மூன்றாம் குழுவாகச் சேர்ப்பின், நோக்கம் மாறாது. கருதுகோளை மட்டும் திருத்தி எழுத நேரும்.