நாயின் கண்ணிற் பூ விழுந்தால்

காட்டுப்பன்றி பயிரை அழிக்காவண்ணம் இரவிற் காவல் புரியும் நாய் கமக்காரருக்குப் பெருந்துணையாகும். அதன் கண்ணிற் பூ விழுந்தால், அஃது எவ்வகையினது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஏழெட்டு வயதைக் கடந்த நாயின் இரு கண்களிலும் மெல்ல மெல்லத் தோன்றும் நீலச் சாம்பல் நிறம் பெரும்பாலும் முதுமையின் விளைவே. அதனாற் பார்வை பெரிதுங் குன்றாது. கருமணி பால்போல் வெளுப்பது கண்புரை. அது துளிமருந்தினாற் கரையாது.

ஒரு கண் திடீரெனப் புகைந்து, சிவந்து, நீர் வடிந்து, நாய் அதனை மூடிக்கொள்ளுமாயின், சூடடிக்கும் களத்துப் பதரோ வேலி முள்ளோ கருவிழியைப் புண்படுத்தியிருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். தாமதித்தாற் கண் கெட்டுவிடும்.

அதுவரை, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த தூய பஞ்சினால் இமையிற் படிந்த பீளையைத் துடைக்க. ஒவ்வொரு கண்ணுக்கும் வெவ்வேறு பஞ்சைக் கொள்க. காலாற் பிறாண்டாதபடி கழுத்தைச் சுற்றி அகன்ற அட்டை வளையம் பூட்டி, நாயை நிழலிற் கட்டுக.

தேசிப்புளி, தாய்ப்பால், இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடலாகாது. மனிதருக்குக் கொடுத்த கண்மருந்தும் ஆகாது; ஸ்டீரொயிட் சேர்ந்த துளிமருந்து கருவிழிப் புண்ணைப் பெருக்கிக் கண்ணையே துளைத்துவிடக்கூடும்.

பார்வை இழந்த நாயின் உணவுக் கலத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். தோட்டத்திலுள்ள கட்டில்லாக் கிணற்றைச் சுற்றி வேலியிடுங்கள். மோப்பமுஞ் செவியுங் கொண்டு அது பின்னும் காவல் காக்கும்.